எவ்வளவு நீரை உடல் விட்டுக்கொடுக்கும்? தொடர் டயாலிசிஸில் முன்கணிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

சிறுநீரகம் செயலிழந்த தீவிர நோயாளியின் ரத்தத்தை நாள் முழுக்க மெதுவாகச் சுத்திகரிக்கும் தொடர் டயாலிசிஸ் இயந்திரத்தின் திரையில் தெரியும் எண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓரளவு தெளிவான வழிகாட்டுதல் உண்டு. கழிவை நீக்கும் அளவு கிலோ எடைக்கு மணிக்கு 20 முதல் 25 மி.லி. இருந்தால் போதும் என்று 2012-ஆம் ஆண்டின் சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டி சொல்லிவிட்டது. ஆனால் அதே திரையில் இன்னொரு எண் இருக்கிறது: நோயாளியின் உடலிலிருந்து மணிக்கு எவ்வளவு நீரை நிகரமாக வெளியே எடுப்பது என்பது. அதற்கு அப்படி ஒரு விடை கிடையாது. ஒவ்வொரு நாளும், சில நேரம் ஒவ்வொரு மணி நேரமும், படுக்கையருகில் நிற்பவர்தான் அதை முடிவு செய்தாக வேண்டும்.

அந்த முடிவுக்கு உதவுவதாகச் சொல்லும் சோதனைகள் இன்று நிறைய வந்துவிட்டன. ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு இவற்றில் எதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும், எதைச் சில நோயாளிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், எதற்கு இன்னும் காத்திருக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. சிறுநீரக மருத்துவர்களையும் ஐசியூ மருத்துவர்களையும், இவர்களைவிட அதிக நேரம் அந்த இயந்திரத்தோடு இருக்கும் செவிலியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

இரண்டு பக்கமும் ஆபத்து இருப்பதால்தான் இந்தக் கேள்வி கடினமாகிறது. ரத்த ஓட்டம் குலைந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) வரும் நோயாளிக்கு முதல் நாட்களில் லிட்டர் கணக்கில் திரவம் ஏற்றுகிறோம். சிறுநீரகம் நின்றுவிட்டால் அது வெளியேற வழியில்லாமல் திசுக்களில் தேங்குகிறது. நுரையீரல் ஈரமாகிறது, வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பது தள்ளிப்போகிறது, குடல் வீங்குகிறது, புண்கள் ஆற மறுக்கின்றன. சேர்ந்த திரவம் சேர்க்கை எடையில் 10 சதவீதத்தைத் தாண்டியவர்களிடம் இறப்பு கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக அவசரமாக எடுத்தால் ரத்த அழுத்தம் சரியும். மீண்டுவரும் நிலையில் இருந்த சிறுநீரகமே மறுபடி அடிவாங்கும். இதயமும் தப்புவதில்லை. 2019-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தொடர் டயாலிசிஸ் தொடங்கிய 11 பேரை எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 10 பேருக்கு இதயச் சுவரின் சில பகுதிகள் புதிதாகச் சுருங்கத் தடுமாறின. மென்மையானது என்று நாம் நம்பும் சிகிச்சையில் இப்படி நடக்கிறது.

வேகத்தைப் பற்றிய எண்களும் இரு திசைகளிலிருந்தும் நெருக்குகின்றன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1508 பேரைச் சேர்த்து நடந்த பெரிய டயாலிசிஸ் ஆய்வின் முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. பத்து ஆண்டுகள் கழித்து அதன் தரவுகளை மறுபடி அலசியபோது, கிலோவுக்கு மணிக்கு 1.75 மி.லி.க்கு மேல் எடுக்கப்பட்டவர்கள், 1.01 மி.லி.க்குக் கீழ் எடுக்கப்பட்டவர்களைவிட அதிகம் இறந்திருந்தனர். ஆனால் 2018-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் அலசல் வேறு கதை சொன்னது. 5 சதவீதத்துக்கு மேல் திரவம் சேர்ந்தவர்களில், கிலோவுக்கு ஒரு நாளில் 25 மி.லி.க்கு மேல் எடுக்கப்பட்டவர்களே, 20 மி.லி. அல்லது அதற்குக் கீழ் எடுக்கப்பட்டவர்களைவிட அதிகம் பிழைத்திருந்தனர். முரண்பாடு போலத் தோன்றும் இந்த இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு நாளைக்கு 25 மி.லி. என்பது மணிக்கு 1.04 மி.லி.தான். ஒரு மில்லிலிட்டருக்குக் கீழே தயங்குவதும் நல்லதல்ல, ஒன்றேமுக்காலுக்கு மேலே விரைவதும் நல்லதல்ல என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். ஆயினும் இரண்டுமே நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்தவை. வேகமாக எடுக்க வேண்டியிருந்தவர்கள் முதலிலேயே மோசமான நிலையில் இருந்திருக்கலாம் என்ற ஐயம் தீரவில்லை. மேலும் இவை கூட்டத்துக்கான சராசரிகள். ஒருவருக்கு 0.7 கூட அதிகமாகலாம், பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் 2.5-ஐயும் அசையாமல் தாங்கலாம். முன்கணிப்பு தேவைப்படுவது இதனால்தான்.

சோதனை எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது?

முன்கணிப்புக் கருவிகளை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, எதன் துல்லியம் அதிகம் என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது. அங்கேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. நீரை எடுப்பதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. உடலில் எடுக்கத்தக்க நீர் இருக்கிறதா என்பது ஒன்று. திசுக்களில் இருக்கும் அந்த நீர் ரத்தக் குழாய்க்குள் எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது என்பது இன்னொன்று. அப்படி வர நேரமாகும்போது ஏற்படும் குறைவை இதயமும் குழாய்களும் ஈடுகட்டுமா என்பது மூன்றாவது.

இரண்டாவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இயந்திரம் திசுக்களிலிருந்து எதையும் நேரடியாக எடுப்பதில்லை, பிளாஸ்மாவிலிருந்துதான் எடுக்கிறது. 70 கிலோ எடையுள்ளவரின் உடலில் பிளாஸ்மா ஏறத்தாழ மூன்று லிட்டர். மணிக்கு 100 மி.லி. வீதம் எடுத்தால் ஒரு நாளில் 2.4 லிட்டர். திசுக்களின் நீர் குழாய்க்குள் திரும்பும் மறுநிரப்பு மட்டும் இல்லையென்றால் இது உயிரோடு நடக்கக்கூடிய காரியமே அல்ல. கிணற்றில் ஊற்று ஊறும் வேகத்துக்கு மேல் இறைத்தால், நிலத்தடியில் எவ்வளவு நீர் இருந்தாலும் வாளி தரையைத் தட்டத்தான் செய்யும். கைகால் முழுக்க வீங்கியிருக்கும் ஒருவருக்கு மணிக்கு 50 மி.லி. எடுத்தாலே அழுத்தம் சரிவதன் காரணம் இதுதான். நீரைக் குழாய்க்குள் பிடித்துவைக்கும் ஆல்புமின் புரதம் குறைந்து, நுண்குழாய்கள் கசிந்து, நிணநீர் ஓட்டமும் மந்தமாக இருக்கும் செப்சிஸ் (கடுந்தொற்று) நோயாளியிடம் ஊற்று மெதுவாகத்தான் ஊறும்.

வீக்கம் இருக்கிறது, ஆகவே தாங்குவார் என்ற முடிவு முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை மற்ற இரண்டுக்கும் தூக்கிக் கொடுப்பதாகும். ஐசியூக்களில் மிக அதிகமாக நடக்கும் தவறும் இதுவே.

நெரிசலைக் காட்டும் கருவிகள்

முதல் கேள்விக்கான கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே சென்றது, வெளியே வந்தது என்ற கணக்கேடும் படுக்கை எடையும் எல்லா இடத்திலும் இருக்கின்றன. காய்ச்சலிலும் மூச்சிலும் போகும் நீர் கணக்கில் வராததால் நாட்கள் செல்லச் செல்ல ஏடு பிசகும், அவ்வளவுதான். உடலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி நீரின் அளவைக் கணிக்கும் கருவி, மொத்தத்தில் எவ்வளவு மிகுந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லும். அது குழாய்க்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று சொல்லாது. நுரையீரல் அல்ட்ராசவுண்டில் தெரியும் செங்குத்துக் கோடுகள் அங்குள்ள ஈரத்தைக் காட்டும். நுரையீரலில் ஈரம் இருப்பது நீரை எடுக்க நல்ல காரணம். எடுத்தால் தாங்குவார் என்பதற்கு அது சான்றாகாது.

இந்த வரிசையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது, சிரைகளில் ரத்தம் தேங்கி நிற்பதை அளக்கும் சிரை நெரிசல் மதிப்பெண். 2020-இல் இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நோயாளிகளை வைத்து இதை வகுத்தார்கள். கீழ்ப் பெருஞ்சிரை 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தால், கல்லீரல் சிரை, போர்ட்டல் சிரை, சிறுநீரகச் சிரை ஆகியவற்றின் ஓட்ட வடிவத்தை டாப்ளரில் பார்த்து 0 முதல் 3 வரை தரம் பிரிக்கிறார்கள். உயர்ந்த தரம் வந்தவர்களிடம் சிறுநீரகப் பாதிப்பு அதிகம். இதன் அருமை, நெரிசலால் உறுப்புகள் வதைபடுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பதில் இருக்கிறது. மதிப்பெண் 3 என்றால் நீரை எடுத்தே ஆக வேண்டும் என்ற உறுதி கிடைக்கும். தாங்குவாரா என்ற கேள்விக்கு அதிலிருந்து கிடைப்பது அரை விடைதான். சிரைகள் ததும்பி நிற்கும்போது கொஞ்சம் எடுத்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் உடனே குறைந்துவிடாது என்று எதிர்பார்க்கலாம். ஆனால் வலது இதயம் தளர்ந்திருந்தால், உடலில் நீர் அதிகம் இல்லாமலே சிரைகள் ததும்பும். அந்த நோயாளியிடம் இந்த மதிப்பெண்ணை வைத்து வேகத்தைக் கூட்டுவது ஆபத்து.

இதயத்துக்கு அருகிலுள்ள பெருஞ்சிரையில் அளக்கும் மைய சிரை அழுத்தத்தின் தனி எண் ஒன்றை வைத்து முடிவெடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. அது நாள் முழுக்க எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் குறித்துவைப்பதில் பயன் உண்டு.

கால் உயர்த்தும் சோதனை

மூன்றாவது கேள்வியை நேராகத் தொடுவது இது. தலைப்பக்கம் 45 பாகை உயர்ந்த நிலையிலிருந்து உடலைக் கிடைமட்டமாக்கி, கால்களை 45 பாகைக்கு உயர்த்தினால், கால்களிலும் வயிற்றிலும் இருக்கும் ஏறத்தாழ 300 மி.லி. ரத்தம் இதயத்தை நோக்கி ஓடுகிறது. ஒரு நிமிட அளவிலேயே இதய வெளியேற்றம் (இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு) கணிசமாகக் கூடினால், இதயம் இன்னும் ரத்தத்துக்கு ஏங்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவரிடமிருந்து நீரை எடுத்தால் வெளியேற்றம் குறையும். திரவம் ஏற்றலாமா என்று பார்ப்பதற்காக வந்த சோதனையை, எடுக்கலாமா என்று பார்க்கத் திருப்பிப் பயன்படுத்துகிறோம்.

2016-இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு இதைச் சோதித்தது. சில மணி நேரத்தில் முடியும், இடைவிட்டுச் செய்யும் டயாலிசிஸுக்கு முன் 39 தீவிர நோயாளிகளிடம் கால் உயர்த்திப் பார்த்தார்கள். அவர்களில் 13 பேருக்கு டயாலிசிஸின்போது அழுத்தம் சரிந்தது. வெளியேற்றம் 9 சதவீதத்துக்கு மேல் கூடியதை எல்லையாக வைத்தபோது, சரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேரைச் சோதனை முன்பே பிடித்துவிட்டது. சரியாதவர்களில் ஏறத்தாழ எல்லோரையும் சரியாகவே விட்டுவைத்தது. படுக்கையருகே செய்யும் ஒரு சோதனைக்கு இது மிக நல்ல தேர்ச்சி.

அதே ஆண்டில் இன்னொரு பிரெஞ்சுக் குழு, டயாலிசிஸின்போது அழுத்தம் சரிந்த வேளைகளில், இதயம் அப்போது உண்மையிலேயே ரத்தத்துக்கு ஏங்கியதா என்று பார்த்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குச் சரிவுகளில்தான் அப்படி இருந்தது. மற்ற சரிவுகளுக்குக் காரணம் வேறு: குழாய்கள் தளர்ந்தது, இதயத் தசை சோர்ந்தது, செப்சிஸ் மறுபடி கிளம்பியது. இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து வைத்துத்தான் கால் உயர்த்தும் சோதனைக்கு நான் இடம் ஒதுக்குகிறேன். சோதனை நேர்மறையாக வந்தால், அதாவது வெளியேற்றம் கூடினால், அதை நம்பி நீரகற்றலை நிறுத்தி வைக்கலாம். எதிர்மறையாக வந்தால், ஒரு காரணம் இல்லை என்று மட்டுமே தெரிகிறது. வேகத்தைக் கூட்ட அது அனுமதிச் சீட்டு ஆகாது.

நடைமுறையில் இதற்கு ஒரு பெரிய தடை உண்டு. இதய வெளியேற்றத்தை நொடிக்கு நொடி அளக்க வழி வேண்டும்: எக்கோவில் பெருந்தமனி ஓட்டத்தைத் தொடர்ந்து அளக்கக் கைதேர்ந்தவர், அல்லது துடிப்பு அலையை அலசும் கருவி. ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துச் செய்தால் சோதனை பாதி உயிரை இழந்துவிடுகிறது. வயிற்றுக்குள் அழுத்தம் உயர்ந்தவர்களிடம் விடை பொய்க்கும். மூளைக்குள் அழுத்தம் உயர்ந்தவர்களிடம் செய்யவே கூடாது. தொடையில் டயாலிசிஸ் குழாய் போட்டவருக்குக் காலைத் தூக்குவதைவிட முழுப் படுக்கையையும் சாய்ப்பதே பாதுகாப்பு.

வென்டிலேட்டரில் ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மூச்சு வெளிவிட்ட நிலையில் 15 நொடி நிறுத்தி, வெளியேற்றம் 5 சதவீதமாவது கூடுகிறதா என்று பார்ப்பது அவற்றில் ஒன்று. துடிப்பழுத்தம் மூச்சோடு மாறும் அளவைத் திரையிலேயே படிப்பது இன்னொன்று. பின்னது கேட்க எளிது. ஆனால் இதயத்துடிப்பு ஒழுங்கற்றிருந்தாலும், நோயாளி தானாக மூச்சு விட்டாலும், நுரையீரலைக் காக்கக் குறைந்த அளவுக் காற்று கொடுத்தாலும் அது செல்லாது. தொடர் டயாலிசிஸ் தேவைப்படும் நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த மூன்றில் ஒன்றில் விழுந்துவிடுகிறார்கள்.

விரல் நுனி, லாக்டேட், நார்அட்ரினலின்

ஒரே ஒரு வழியைத்தான் வழக்கமாக்க முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். விரல் நுனியைத் தோல் வெளுக்கும்வரை பத்து நொடி அழுத்திவிட்டு, நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவது. மூன்று நொடிக்கு மேல் போனால் திசுக்களுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. இதைப் பழங்காலச் சோதனை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 424 பேரை வைத்துத் தென் அமெரிக்க நாடுகளில் நடந்து 2019-இல் வெளியான அதிர்ச்சி சிகிச்சை ஆய்வுக்குப் பிறகு அது மறுபடி மதிப்பான இடத்துக்கு வந்திருக்கிறது. டயாலிசிஸிலும் 2020-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு, 72 நோயாளிகளின் 211 அமர்வுகளைப் பார்த்து, அழுத்தச் சரிவை முன்கூட்டிச் சொல்லும் மூன்று அறிகுறிகளைக் கண்டது: இதயமும் குழாய்களும் ஏற்கெனவே தடுமாறுவது, விரல் நுனியின் நிறம் திரும்ப மூன்று நொடியோ அதற்கு மேலோ ஆவது, ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது கூடும் பொருள்) உயர்ந்திருப்பது. மூன்றும் சேரும்போது ஆபத்து பன்மடங்கு ஏறியது.

இவை மூன்று கேள்விகளில் எதற்கும் தனியாக விடை சொல்வதில்லை. உடல் ஈடுகட்டும் சக்தியில் இப்போதே எவ்வளவு செலவழித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்கின்றன. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தான நார்அட்ரினலினின் அளவையும் நான் இங்கேதான் சேர்ப்பேன். ஆனால் நிலையான அளவைவிட அதன் போக்கு முக்கியம். ஆறு மணி நேரமாகக் குறைந்துகொண்டு வரும் நடுத்தர அளவு, ஒரு மணி நேரமாக ஏறிக்கொண்டிருக்கும் சிறிய அளவைவிட நம்பிக்கை தரும்.

இந்த வழியின் பெரிய சிறப்பு, இதை ஒரு செவிலியர் இரவு மூன்று மணிக்கும் யாரையும் எழுப்பாமல் செய்யலாம், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் செய்யலாம் என்பது. முன்கணிப்பு ஒருமுறை செய்து முடிக்கும் வேலையல்ல. இடைவிட்ட டயாலிசிஸில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு கணிப்பு போதலாம். நாள் முழுக்க ஓடும் சிகிச்சையில் காலையில் எடுத்த விடை மதியத்துக்குள் காலாவதியாகிவிடும். திரும்பத் திரும்பச் செய்ய முடியாத சோதனை எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் தொடர் டயாலிசிஸுக்கு அது அரைக் கருவிதான். அறை குளிராக இருந்தாலோ, இயந்திரச் சுற்றில் ரத்தம் குளிர்ந்து விரல்கள் சில்லிட்டிருந்தாலோ விரல் நுனிச் சோதனை பிசகும் என்பதை மறக்கக் கூடாது. தோலின் நிறம் அடர்ந்திருந்தால் படிப்பது கடினம். நல்ல வெளிச்சமும் ஒரே விரலும் ஒரே அளவு அழுத்தமும் வேண்டும்.

ரத்தத்தின் அடர்த்தியைப் பார்க்கும் உணரி

மறுநிரப்பை நேராக அளக்க முயலும் ஒரே கருவி இது என்பதால் இதன் மீது எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. டயாலிசிஸ் குழாயில் ஒளி பாய்ச்சி ஹீமடோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை) தொடர்ந்து படிக்கிறது. நீரை எடுக்கும் வேகம் மறுநிரப்பை மிஞ்சினால் ரத்தம் அடர்த்தியாகி, ரத்தத்தின் அளவைக் காட்டும் வரைகோடு சாயும். இதைவிடத் தர்க்கமான கருவி இருக்க முடியாது. ஆனால் நடைமுறை அந்தத் தர்க்கத்துக்குப் பணியவில்லை. தீவிர நோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வுகளில், சரிந்தவர்களின் கோட்டையும் சரியாதவர்களின் கோட்டையும் நம்பிப் பிரிக்க முடியவில்லை. ரத்தம் ஏற்றுவது, படுக்கையைத் திருப்புவது, நார்அட்ரினலினைக் கூட்டுவது என எல்லாமே அந்தக் கோட்டை அசைக்கின்றன. நிலையான டயாலிசிஸ் நோயாளிகள் 443 பேரை வைத்து 2005-இல் வெளியான ஆய்விலோ, இந்த உணரியைக் கொண்டு நடத்தப்பட்டவர்கள் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட அதிகம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நல்ல கருத்து நல்ல பலனாக மாறாமல் போகலாம் என்பதற்கு அது வலுவான எச்சரிக்கை. கோடு சட்டென்று சாய்ந்தால் போய்ப் பாருங்கள். சாயாமல் இருப்பதை வைத்து நிம்மதியடைய வேண்டாம்.

கணினி சொல்லும் எச்சரிக்கை

இயந்திரக் கற்றல் மாதிரிகள் இரண்டு வகையாக வந்திருக்கின்றன. தொடர் டயாலிசிஸ் தொடங்குவதற்கு முந்தைய தரவுகளைக் கொண்டு முதல் சில மணி நேரத்தில் அழுத்தம் சரியுமா என்று கணிப்பவை ஒரு வகை. தென் கொரியாவிலிருந்து 2021-இல் அப்படி ஒன்று வந்தது. தமனி அழுத்த அலையின் வடிவத்தைப் படித்துச் சரிவை நிமிடங்களுக்கு முன்னே சொல்பவை இன்னொரு வகை.

இரண்டாவது வகைக்கு எழுந்த விமர்சனத்தை இதை வாங்க நினைக்கும் எல்லோரும் படிக்க வேண்டும். 2018-இல் அறிமுகமான புகழ்பெற்ற குறியீட்டுக்குப் பயிற்சி கொடுத்தபோது, சராசரி தமனி அழுத்தம் 65 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போன வேளைகளைச் சரிவு என்றும், 75-க்கு மேலே இருந்தவற்றைச் சரிவில்லாதவை என்றும் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவற்றை விட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஐயம் வருகிற பகுதி அதுதான். அதனால் அந்தக் குறியீடு பெரும்பாலும் இப்போதைய அழுத்தத்தின் பிரதிபலிப்பாகவே இருக்கிறது, அழுத்தம் 72-ஐத் தொட்டால் ஒலிக்கும் சாதாரண எச்சரிக்கையும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்துவிடும் என்பது விமர்சகர்களின் வாதம். எனக்கு அந்த வாதம் சரியாகவே படுகிறது.

ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. இந்த மாதிரிகள் கற்றுக்கொண்ட தரவில், நிலைமை கவலைக்கிடமாகத் தெரிந்த நோயாளிக்கு மருத்துவர் ஏற்கெனவே நீரகற்றலைக் குறைத்திருப்பார். அதனால் அவருக்குச் சரிவு வந்திராது. மாதிரியோ இத்தகைய அறிகுறிகள் உள்ளவருக்கு ஆபத்து குறைவு என்று கற்றுக்கொள்ளும். வேகத்தை மாற்றினால் விளைவு எப்படி மாறும் என்பதே நமக்கு வேண்டிய விடை. சரிவு வருமா வராதா என்ற கணிப்பு அதற்கு ஈடாகாது. இன்றைய நிலையில் யாரை முதலில் போய்ப் பார்ப்பது என்று வரிசைப்படுத்த இவற்றைப் பயன்படுத்தலாம். நிகர நீரகற்றலின் எண்ணை இவற்றின் கையில் கொடுக்கும் காலம் வரவில்லை.

சிறிது எடுத்துப் பார்ப்பது

மூன்று கேள்விகளுக்கும் ஒன்றாக விடை சொல்லும் சோதனை ஒன்றே ஒன்றுதான்: எடுத்துப் பார்ப்பது. கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.யில் தொடங்கி, ஒன்றிரண்டு மணி நேரம் விரல் நுனியையும் நார்அட்ரினலினையும் இதயத்துடிப்பையும் கவனித்து, அசைவில்லை என்றால் 1 மி.லி.க்கு ஏற்றி, மறுபடி கவனித்துப் பிறகு 1.5-க்குப் போவது. இந்தப் படிகள் நான் பரிந்துரைப்பவை. ஒவ்வொரு பிரிவும் தன் நோயாளிகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தொடர் டயாலிசிஸ் மெதுவானது, எந்த நிமிடமும் நிறுத்தக்கூடியது என்பதால்தான் இது சாத்தியமாகிறது. நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர் எடுத்தாக வேண்டிய டயாலிசிஸில் இதற்கு அவகாசம் ஏது?

ஆனால் கவனிக்கும் முறையை முன்கூட்டியே தீர்மானிக்காமல் தொடங்கினால், சோதித்துப் பார்ப்பது என்பது பெயருக்குத்தான். அழுத்தம் சரிந்த பிறகு நிறுத்துவது ஏற்கெனவே தாமதம். அழுத்தம் நிலையாக இருக்க நார்அட்ரினலின் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் அதுவும் தோல்விதான். விரல் நுனியின் நிறம் திரும்ப முன்பைவிட ஒரு நொடி கூடுதலாக ஆவது அழுத்தத்துக்கு முன்னரே வரக்கூடிய குறிப்பு.

தொடங்கிய முதல் அரை மணி நேரத்தை இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டாம். சுற்றுக்குள் ஏறத்தாழ 150 முதல் 200 மி.லி. ரத்தம் போய்விடுகிறது, ரத்தம் குளிர்கிறது, குழாய்ச் சுவரும் வடிகட்டியும் ரத்தத்தோடு முதன்முறையாகச் சேர்கின்றன. அப்போது நேரும் சரிவு நீரகற்றலால் வந்ததல்ல. பிற்பாடு வரும் சரிவுகளையும் அலசிப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் பயன்படுத்தும்போது அயனிக் கால்சியம் குறைந்திருக்கலாம், மயக்க மருந்தைக் கூட்டியிருக்கலாம், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்திருக்கலாம், ரத்தத்தைச் சூடாக்கும் கருவியைப் புதிதாகப் போட்டிருக்கலாம். இவற்றில் ஒன்று காரணமாக இருக்க, நீரகற்றலை நாள் முழுக்க நிறுத்திவிட்டால் நோயாளி வீணாக இன்னொரு நாள் நீரில் மிதக்கிறார்.

யாருக்கு எது?

நார்அட்ரினலின் குறைந்து, விரல் நுனி மூன்று நொடிக்குள் நிறம் திரும்பி, லாக்டேட் இயல்பாக இருக்கும் நோயாளிக்கு எந்தக் கருவியையும் தேடி ஓட வேண்டாம். படிப்படியாக எடுத்துப் பாருங்கள். இவர்களிடம் நாம் செய்யும் தவறு பெரும்பாலும் மிகையான தயக்கம்தான்.

மூன்றும் கெட்டிருப்பவரிடமும் சோதனை தேவையில்லை. நிகர நீரகற்றலைச் சுழியத்தில் வைத்துக் கழிவை மட்டும் நீக்கிக்கொண்டு, உள்ளே போகும் திரவத்தைக் குறைப்பதே அன்றைய வேலை. நுரையீரல் மூழ்கி ஆக்ஸிஜன் கிடைக்காத நிலை மட்டும் இதற்கு விலக்கு. அப்போது நார்அட்ரினலினைக் கூட்டிக்கொண்டாவது எடுக்க வேண்டியிருக்கும். அது ஆபத்தைத் தெரிந்தே ஏற்கும் முடிவு என்பதைக் குடும்பத்தாருக்கும் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.

கால் உயர்த்தும் சோதனையும் எக்கோவும் உண்மையில் தேவைப்படுவது நடுவில் நிற்பவர்களுக்கு. லாக்டேட் சரி, ஆனால் விரல் நுனி தாமதம். அல்லது உடல் முழுக்க வீக்கம், ஆனால் நேற்று 60 மி.லி.யிலேயே சரிந்தார். இவர்களிடம் கால் உயர்த்தும் சோதனை நேர்மறை என்றால் ஊற்றுக்கு நேரம் கொடுக்க வேண்டும். எதிர்மறை என்றால் எக்கோவில் இதயச் சுருக்கத்தைப் பாருங்கள். வலது இதயம், புதிதாகத் தடுமாறும் சுவர்ப் பகுதிகள், மறைந்திருக்கும் செப்சிஸ் ஆகியவற்றைத் தேடுங்கள். சிரை நெரிசல் மதிப்பெண்ணும் இங்கேதான் கைகொடுக்கும். நெரிசல் குறைவு என்றால் அவசரமே இல்லை, நாளைக்குத் தள்ளலாம். அதிகம் என்றால் மெதுவாகவாவது இன்றே தொடங்க வேண்டும்.

ஏட்டில் குறிக்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். மேலே சொன்ன 1.01, 1.75 என்ற எல்லைகள் இயந்திரம் நிகரமாக எடுப்பதைக் குறிக்கின்றன. நோயாளியின் மொத்த நீர்க்கணக்கை அல்ல. 70 கிலோ எடையுள்ளவருக்கு மருந்துகளும் உணவும் சேர்த்து மணிக்கு 120 மி.லி. உள்ளே போகிறது, நமக்கு மணிக்கு 70 மி.லி. குறைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் 190 எடுத்தாக வேண்டும். அது கிலோவுக்கு 2.7 மி.லி. ஏட்டில் 70 என்று மட்டும் எழுதியிருந்தால் கிலோவுக்கு ஒரு மி.லி.தான் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம். இரண்டு எண்களையும் அருகருகே எழுதுங்கள். மருந்துகளை அடர்த்தியாக்கி உள்ளே போவதை 120-லிருந்து 60-ஆகக் குறைத்தால், அதே 70 மி.லி. இறக்கத்துக்கு இயந்திரம் 130 எடுத்தால் போதும். அதைச் செய்ய எந்த முன்கணிப்பும் தேவையில்லை. மருந்தாளுநரோடு பத்து நிமிடம் பேசினால் போதும்.